நம் பாஷையில் இரண்டு வார்த்தை

மதுரை,
14.11.1999

அன்புள்ள தேவிகாவுக்கு,

உன் அக்கா எழுதுகிறேன். இங்கே நாங்கள் மூவரும் சுகமாக இருக்கிறோம். போன கடிதத்தில் இருமல் என்று எழுதியிருந்தாய். நின்றுவிட்டதா? கோயம்புத்தூர் குளிரில் ராத்திரி தலைக்குக் குளிக்காதே. விடுதிச் சாப்பாடு எப்படி இருக்கிறது என்று ஒருமுறையாவது எழுது.

இதை போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நம் வீட்டு போன் முன்கூடத்தில் இருக்கிறது. பாதித் தெருவுக்கு அதுதான் நம்பர். நான் ரிசீவரை எடுத்தாலே எதிர்வீட்டு ஜன்னல் திறக்கும். நாம் வீட்டில் பேசுவது நம் பாஷை, எழுதுவது தமிழ் என்பதில் எனக்கு எப்போதும் ஒரு கூச்சம் உண்டு. இன்றைக்கு அது வசதியாக இருக்கிறது. தமிழில் எழுதும்போது யார் வீட்டு விஷயத்தையோ எழுதுகிற மாதிரி எழுதிவிட முடிகிறது.

விஷயம் வர்ஷினியைப் பற்றி. வியாழக்கிழமை பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டு அனுப்பினார்கள். நாலாம் வகுப்பு மலையம்மாள் டீச்சரும் தலைமையாசிரியையும் இருந்தார்கள். டீச்சர் நல்ல மாதிரிதான். “பிள்ளை மோசமில்லங்க. கணக்கைப் பாதியில விட்டுட்டு ஜன்னலப் பாத்துக்கிட்டே இருக்கா. கூப்பிட்டாத் திரும்புறா, அம்புட்டுத்தான். மறுபடி ஜன்னல். ஒரு வகுப்புப் பிள்ளைகளையும் விட்டுட்டு நான் இவ பின்னாலயே நிக்க முடியுமா, சொல்லுங்க” என்றார். தலைமையாசிரியை அவ்வளவு பேசவில்லை. கே.கே. நகரில் பிள்ளைகளைச் சோதித்துப் பார்க்கிற இடம் ஒன்று இருக்கிறதாம். அவளுக்கு என்ன என்று எழுதி வாங்கி வந்தால் அதற்குத் தகுந்தபடி இவர்கள் நடந்துகொள்வார்களாம். இல்லாவிட்டால் வருஷக் கடைசியில் டி.சி. வாங்கிக்கொள்ள வேண்டும்.

உன் அத்தானுக்குக் கோபம் வந்தால் தமிழ்தான் வரும். “பொம்பளப் பிள்ள கனாக் காணுறதுக்கெல்லாம் டாக்டரா? நாளைக்கு அவள எவன் கட்டுவான்?” என்று கத்திவிட்டுப் புடவைக் கடையைத் திறக்கப் போய்விட்டார். வீட்டில் ஒரு பாஷை, தெருவில் ஒரு பாஷை, பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ், அதனால் வந்த குழப்பம் என்பது அவர் கட்சி. எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. வீட்டில் அவளிடம் ஒரு குறையும் கிடையாது. நான் சொன்னால் செய்துவிடுவாள்.

நீ வேலை பார்க்கிற கல்லூரி நூலகத்தில் இதைப் பற்றி ஏதாவது புத்தகம் இருந்தால் படித்துவிட்டு எனக்குப் புரிகிற மாதிரி எழுது. பரமக்குடியிலிருந்து உமேஷ் வீட்டார் மறுபடியும் உன்னைப் பெண் கேட்டார்கள். அதற்கும் ஒரு பதில் எழுது.

உன் நினைவாகவே இருக்கும்,
ராதாமணி

*

கோயம்புத்தூர்,
25.11.1999

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் போய்விட்டது. விடுதியில் தினமும் ஒரே சாம்பார், அதனால் அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அத்தானுக்கு என் வணக்கம். வர்ஷிக்கு இரண்டு முத்தம். ஒன்று நெற்றியில், இன்னொன்று அவள் எதிர்பார்க்காத நேரத்தில்.

உளவியல் துறைக்காக வாங்கிய புத்தகங்களில் மூன்றை எடுத்துப் படித்தேன். டாக்டர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயரைத் தமிழில் கவனக் குறைபாடு என்று சொல்லலாம். படித்த பிறகு அந்தச் சொல் எனக்குப் போதவில்லை. இந்தப் பிள்ளைகளிடம் கவனம் நிறையவே இருக்கிறது. அதை வேண்டிய இடத்தில் வேண்டிய நேரம் நிறுத்திவைக்கிற பிடி மட்டும் தளர்ந்திருக்கிறது. வகுப்பில் ஓடி மேசையைக் கவிழ்க்கிற பையனை எல்லோரும் கண்டுகொள்கிறார்கள். ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற பெண்ணை அமைதியான பிள்ளை என்று விட்டுவிடுகிறார்கள், பல வருஷம்.

வர்ஷிக்கு இது இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. புத்தகம் படித்து யாரும் அதைச் சொல்ல முடியாது. சோதித்துப் பார்ப்பவர்கள்தான் சொல்ல வேண்டும். அத்தானிடம் இரண்டு விஷயத்தை மட்டும் சொல்: இது புத்திக் குறைவு இல்லை, வளர்ப்பில் நேர்ந்த பிழையும் இல்லை.

அவளிடம் ஊசி போடமாட்டார்கள் என்று முதலிலேயே சொல்லிவிடு. இன்னொன்று, அவள் காலையில் எழுந்ததிலிருந்து பள்ளிக்கூடம் போகிறவரை வீட்டில் என்ன நடக்கிறது என்று எனக்கு எழுது. அங்கேயும் அதைத்தான் கேட்பார்கள்.

எப்போதும் உன் தங்கை,
தேவிகா

*

மதுரை,
12.12.1999

அன்புள்ள தேவிகாவுக்கு,

எல்லோரும் சுகம். உன் முத்தங்களைக் கொடுத்துவிட்டேன். இரண்டாவதுக்கு அலறிவிட்டாள்.

நீ கேட்டாய் என்பதற்காக நேற்றுக் காலை என்னை நானே கவனித்தேன். வேடிக்கையாக இருந்தது. பல் தேய்க்கப் போனவள் குழாயடியில் நின்று தண்ணீர் விழுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அடுப்படியில் இருந்தபடியே நான் ‘பிரஷ்’ என்பேன். தேய்ப்பாள். ‘துப்பு’ என்பேன். துப்புவாள். ஒரு காலில் சாக்ஸ் ஏறியிருக்கும், மற்றது கையில் இருக்கும். ‘அந்தக் கால்.’ இட்லியைப் பிட்டு வைத்துக்கொண்டு தட்டில் இருக்கிற பூவைப் பார்ப்பாள். ‘வாய்.’ சடை பின்னும்போதே அன்றைக்கு என்னென்ன புத்தகம் என்று நான் சொல்லச் சொல்ல அவள் பைக்குள் வைப்பாள். உன் அத்தான் என்னை வீட்டு ரேடியோ என்கிறார். நேற்றுதான் அது ஏன் என்று தெரிந்தது. நான் ஒரு நிமிஷம்கூட ஓய்வதில்லை.

மத்தியானம் சூடாகச் சோறு கொண்டுபோவேன். அவள் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு, அப்படியே பெஞ்சுக்கு அடியில் விழுந்து கிடக்கிற பென்சில், ரப்பரைப் பொறுக்கிப் பெட்டியில் போட்டுவிட்டு வருவேன். எல்லா அம்மாவும் செய்வதுதானே.

பொங்கல் கழித்து வரச்சொல்லியிருக்கிறார்கள். உன் அத்தான் ஒருவழியாகச் சம்மதித்துவிட்டார். கடையில் யாருக்கும் தெரியக் கூடாது என்பது நிபந்தனை. “ஒரு ஆள் காதுல விழுந்தாப் போதும், சாயங்காலத்துக்குள்ள பரமக்குடி போயிரும்” என்கிறார். அதனால் யாராவது கேட்டால் நாங்கள் அண்ணா நகரில் பல் டாக்டரிடம் போகிறோம். உனக்கும் அதுதான் தெரியும்.

பரமக்குடி என்றதும் ஞாபகம் வருகிறது. உமேஷ் விஷயத்தில் நீ ஒன்றும் எழுதவில்லை.

அன்புடன் அக்கா,
ராதாமணி

*

மதுரை,
23.1.2000

தேவிகா,

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

குசலம் விசாரிக்காமல் ஆரம்பித்துவிட்டேன். நீ நலம்தானே? நாங்கள் ரொம்ப நலம்.

சோதித்துப் பார்த்தவர் பெயர் தாமரைச்செல்வி. உன்னைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். அலங்காநல்லூர்க்காரர், பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டு அன்றைக்குத்தான் வந்திருந்தார். வர்ஷி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வரமாட்டேன் என்று நின்றாள். அவர் வாசலுக்கே வந்து குந்தி உட்கார்ந்துவிட்டார். “எங்க ஊருல இம்புட்டுப் பெரிய மாடெல்லாம் பாத்துட்டு நானே பயப்படாம வாரேன். நீ என்னையப் பாத்துப் பயப்படுறியாக்கும்?” என்றார். வர்ஷி சிரித்துவிட்டாள், ஆனால் முந்தானையை விடவில்லை. கடைசியில் என்னையும் உள்ளே விட்டார்கள். அவளுக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் போட்டார்கள். “தைரியம் மட்டும் சொல்லுங்க. விடை சொல்லிராதீங்க” என்றார்.

நான் ஒரு விடைகூடச் சொல்லவில்லை. மீனாட்சி சாட்சி. அவள் தயங்கும்போது மட்டும் நம் பாஷையில் இரண்டு வார்த்தை சொன்னேன், தெம்புக்கு. எண்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னார், பிறகு பின்னாலிருந்து முன்னால். ஒரு தாள் நிறையப் படங்கள், நிலாவை மட்டும் கோடு போட்டு அடிக்க வேண்டும். ஒரு கதையைக் கேட்டுவிட்டுச் சொல்ல வேண்டும். எல்லாம் செய்தாள், தேவிகா. நிலா ஒன்றையும் விடவில்லை.

என்னையும் கேட்டார். பொருள்களைத் தொலைப்பாளா? இல்லை. தொடங்கினதை முடிப்பாளா? முடிப்பாள். பள்ளிக்கூடத்துக்கு வேண்டியதை மறந்துவிட்டுப் போவாளா? ஒருநாளும் இல்லை. எல்லாம் உண்மைதானே.

டீச்சர் சொல்வதும் நான் சொல்வதும் ஒட்டவில்லையே என்று கொஞ்சம் யோசித்தார். ஆனாலும் இன்றைக்குப் பார்த்தவரைக்கும் வயதுக்கு ஏற்ற கவனம் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். உன் அத்தான் அன்றைக்குக் கடையை நேரத்தோடு மூடிவிட்டு அல்வாவும் மல்லிகையும் வாங்கிவந்தார். ‘நான் சொன்னேனே’ என்று அவர் சொல்லவில்லை. அல்வா சொன்னது.

சந்தோஷத்தில் இருக்கும்,
அக்கா

*

கோயம்புத்தூர்,
1.2.2000

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சந்தோஷமாக இருக்கிறாய் என்று உன் கையெழுத்திலேயே தெரிந்தது. வரிகள் மேலே மேலே ஏறிப்போகின்றன. நான் நலம். விடுதியில் தண்ணீர்க் கஷ்டம், அதைத் தவிர ஒன்றுமில்லை.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். ஒன்று மட்டும் கேட்க வேண்டும் போல் இருக்கிறது. பதில் சொல்ல வேண்டும் என்று அவசியமில்லை.

அந்த இரண்டு வார்த்தை என்ன, அக்கா?

உன் தேவிகா

*

மதுரை,
24.2.2000

அன்புள்ள தேவிகாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. முகூர்த்த மாதம், கடையில் கூட்டம். வீட்டில் மிக்ஸி ரிப்பேர். மாசி பிறந்தவுடனே வெயில் இப்படி அடித்தால் சித்திரைக்கு என்ன ஆகும் என்று தெரியவில்லை. மாடியில் வடகம் போட்டேன். யாராவது அந்தப் பக்கம் வந்தால் உனக்குக் கொடுத்துவிடுகிறேன்.

உமேஷுக்கு வேறு இடத்தில் நிச்சயமாகிவிட்டது. அடுத்த மாதம் கல்யாணம். நீ பதில் எழுதாததையே நாங்கள் பதிலாக எடுத்துக்கொண்டோம். கடிதத்தில் கேட்கிற எல்லாக் கேள்விக்கும் பதில் வந்துவிடுகிறதா என்ன.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ராதாமணி

மடித்த பிறகு மறுபடி பிரித்து எழுதுகிறேன். டாக்டர் எழுதிக்கொடுத்ததைப் பள்ளிக்கூடத்தில் காட்டினோம். தலைமையாசிரியை படித்துவிட்டு, டாக்டரே ஒன்றுமில்லை என்கிறார், அப்படியானால் இது திமிர்தான் என்றார். அதிலிருந்து கணக்கு முடிக்காத நாளெல்லாம் அவளை வகுப்புக்கு வெளியே நிறுத்துகிறார்கள். அவள் வீட்டில் சொல்லவே இல்லை. சோறு கொண்டுபோனபோது நானே பார்த்தேன். சுவரோரம் நின்றாள். அழவில்லை. என்னைக் கண்டதும் ஒன்று கேட்டாள். “அம்மா, நான் வேணும்னே செய்யுறேனா?”

தேவிகா, அவள் என்னிடம் சண்டை பிடிக்கவில்லை. அவளுக்கு உண்மையாகவே தெரியவில்லை, அதனால் கேட்டாள். ‘வேணும்னே’ என்பதற்கு நம் பாஷையில் என்ன சொல் என்றும் அவளுக்குத் தெரியவில்லை. அதை மட்டும் தமிழில் சொன்னாள். பள்ளிக்கூடத்தில்தானே கற்றுக்கொண்டாள்.

*

கோயம்புத்தூர்,
2.3.2000

அன்புள்ள அக்காவுக்கு,

நீ மறுபடி பிரித்து எழுதியதைத்தான் நான் முதலில் படித்தேன். அன்றைக்கு முழுக்க வேலை ஓடவில்லை.

முதலில் என் பாக்கியைத் தீர்த்துவிடுகிறேன். உமேஷ் நல்ல பையன். எனக்குக் கல்யாணம் வேண்டாம் என்பதில்லை, இப்போது வேண்டாம் என்பதுகூட இல்லை. தெரியாத ஒருவருக்காக என்னைப் பற்றி நாலு வரி சொல்லச் சொன்னால் எனக்கு நாக்கு எழவில்லை. அதை எழுதத் தெரியாமல் விட்டுவிட்டேன். இனி நீ கேட்டால் சொல்கிறேன்.

நான் கேட்டது குற்றம் சாட்டுவதற்காக இல்லை. நீ ஒரு விடையும் சொல்லவில்லை என்பதை அப்படியே நம்புகிறேன். நீ கேள்வியைத்தான் திரும்பச் சொல்லியிருப்பாய். அவள் கண் தாளை விட்டுப் போன ஒவ்வொரு தடவையும் ‘நிலா’ என்றிருப்பாய், காலையில் ‘பிரஷ்’ என்பதுபோல. பொருளைத் தொலைக்கமாட்டாள் என்று நீ சொன்னதும் உண்மை. அது தொலைவதற்கு முன்னால் நீ பொறுக்கிவிடுகிறாய். ஆனால் அன்றைக்கு அந்த அறையில் அவர்கள் சோதித்தது உங்கள் இரண்டு பேரையும் சேர்த்து. அதற்கு வந்த பதிலைத் தனியாக அவள் தலையில் வைத்து வகுப்புக்கு வெளியே நிறுத்தியிருக்கிறார்கள்.

மறுபடி போ, அக்கா. தாமரைச்செல்வியிடம் நடந்ததைச் சொல். நீ உள்ளே போகாதே.

இதை எழுத எனக்கு என்ன உரிமை என்று தெரியவில்லை. நான் புத்தகத்தில் படிக்கிறேன், நீ குழாயடியில் நிற்கிறாய். கோபம் வந்தால் கோபித்துக்கொள். கடிதம் மட்டும் எழுதாமல் இருந்துவிடாதே.

தேவிகா

*

மதுரை,
27.3.2000

சௌபாக்கியவதி தேவிகாவுக்கு அத்தான் நாகசுப்பிரமணியன் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. ஆஞ்சநேயர் புண்ணியத்தில் எல்லோரும் க்ஷேமம். கடைக் கணக்கு தவிர நான் எழுதிப் பல வருஷம் ஆகிறது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ என்ன எழுதினாய் என்று எனக்குத் தெரியாது. உன் அக்கா கடிதத்தைக் காட்டவில்லை. மூன்று வாரமாகக் குழம்பில் உப்பு இல்லை, அல்லது இரண்டு தடவை இருக்கிறது. வீட்டு ரேடியோவும் கம்மிவிட்டது. அதனால் ஏதோ பெரிய விஷயம் என்று மட்டும் புரிந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை உமேஷ் கல்யாணத்துக்கு உன் அக்கா மட்டும் பரமக்குடி போனாள். பிள்ளையை என்னிடம் விட்டுப் போனாள். நான் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இத்தனை வருஷத்தில் அவளும் நானும் தனியாக ஒரு முழுநாள் இருந்தது அதுதான் முதல் தடவை என்று சாயங்காலம்தான் எனக்கு உறைத்தது.

உள்ளே போய்ச் சணல் எடுத்து வா என்று அனுப்பினேன். வரவில்லை. போய்ப் பார்த்தால் நூலுக்குச் சாயம் தேர்ந்தெடுக்கிற கலர் கார்டுகளைத் தரையில் பரப்பி, மஞ்சளிலிருந்து சிவப்பு வரைக்கும் ஒன்றுக்கொன்று ஒட்டிப்போகிற மாதிரி அடுக்கிக்கொண்டிருக்கிறாள். பார்க்க அத்தனை அழகு. சணல் ஞாபகமே இல்லை. மறுபடி அனுப்பினேன், செருப்பை எங்கேயோ விட்டுவிட்டு வெறுங்காலோடு வந்தாள், சணல் இல்லாமல். எனக்குக் கோபம் வந்தது. பிறகு மத்தியானம் சாப்பிட்டாயா என்று கேட்டால் ஆமாம் என்கிறாள். சாயங்காலம் டப்பாவைப் பார்த்தேன், மூடி திறக்கவில்லை. ஏம்மா சாப்பிடவில்லை என்றேன். “யாரும் சொல்லலியேப்பா” என்றாள்.

கனாக் காண்கிறாள் என்று நான்தான் சொன்னேன். பசி தெரியாத அளவுக்கு யாரும் கனாக் காண்பதில்லை.

அன்றைக்கு ராத்திரி உன் அக்கா ஊரிலிருந்து வந்ததும் இதைச் சொன்னேன். அவள் புடவை மாற்றாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிறகு அந்த டாக்டர் அறையில் என்ன நடந்தது என்று அவளே சொன்னாள். அதை உனக்கு நான் எழுதக் கூடாது என்று உத்தரவு. சித்திரைத் திருவிழாக் கூட்டம் முடிந்ததும் மறுபடி போகிறோம். இந்த முறை பல் டாக்டர் கிடையாது. கடைப் பையனிடமே கே.கே. நகருக்கு ஆட்டோ பிடிக்கச் சொல்லிவிட்டேன்.

இந்தக் கடிதம் உன் அக்காவுக்குத் தெரியாது. தெரிந்தாலும் பரவாயில்லை.

உன் நலம் விரும்பும் அத்தான்

*

மதுரை,
7.5.2000

அன்புள்ள தேவிகாவுக்கு,

இரண்டு மாதமாக உனக்கு எழுதவில்லை. கோபம் இருந்தது. அது உன்மேல் என்றுதான் முதலில் நினைத்தேன். இப்போது இல்லை. நீ சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். வெயிலில் மோர் குடி.

செவ்வாய்க்கிழமை போய்வந்தோம். தாமரைச்செல்வியிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் வழி முழுக்க மனசுக்குள் சொல்லிக்கொண்டே போனேன். உள்ளே போனதும் பாதிதான் வந்தது. அவர் கேட்டுக்கொண்டே இருந்தவர் திடீரென்று சிரித்துவிட்டார். “நீங்க முணுமுணுன்னு சொல்லிக்கிட்டே இருந்தீங்களா, நான் ஏதோ சுலோகம் சொல்றீங்கன்னுல்ல நெனச்சேன். பக்தியான வீட்டு ஆளுக, பிள்ளைக்காக வேண்டிக்கிறாங்கன்னு விட்டுட்டேன்” என்றார். நானும் சிரித்தேன். உன் அத்தான் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தாமரைச்செல்வியின் முகம் மாறியது. “தப்பு எம்மேலதாங்க. எனக்குத் தெரியாத ஒரு பாஷைய ரூமுக்குள்ள விட்டுட்டு மார்க் போட்டிருக்கேன்” என்றார். இந்தத் தடவை வேறு கேள்விகள், வேறு தாள்கள் எடுத்தார்.

கதவைச் சாத்தினார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். மெல்லிய கதவு. அவர் ஒரே ஒரு தடவை சொல்வது கேட்கும். அதன்பிறகு ஒன்றும் கேட்காது. எனக்குத் தெரியும், இப்போது அவள் தாளைப் பார்க்கவில்லை, ஜன்னலில் ஏதோ இருக்கிறது. என்னால் அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சத்தம் இல்லாமல் வாய் மட்டும் அசைந்திருக்கிறது போல. பக்கத்தில் இருந்த ஒரு அம்மாள் “பல்லு வலியா” என்று கேட்டாள். உன் அத்தான் என் கையைப் பிடித்துக்கொண்டார், அத்தனை பேருக்கு முன்னால். கல்யாணப் பந்தலுக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

ஒரு தடவை உள்ளேயிருந்து “அம்மா எங்க?” என்று அவள் குரல் கேட்டது. நான் எழுந்தேன். உன் அத்தான் கையை விடவில்லை. “வெளியதான் இருக்காங்க” என்று தாமரைச்செல்வி சொன்னார். நான் உட்கார்ந்துவிட்டேன்.

இருக்கிறது, தேவிகா. நீ புத்தகத்தில் படித்தாயே, அதேதான். புதுத் தாளிலும் நிலாதான், பாதியை விட்டுவிட்டாளாம். ஆனால் சொற்களிலும் படங்களிலும் அவள் வயதுக்கு மேலே போகிறாளாம். அதைச் சொல்லும்போது டாக்டரம்மாவுக்கே சந்தோஷம். மருந்து வேண்டுமா வேண்டாமா என்பதை அங்கேயே இருக்கிற மனநல டாக்டர் அடுத்த மாதம் பார்த்துச் சொல்வார். என்னிடம், சொல்லிக்கொண்டே இருப்பதை ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள் என்றார் தாமரைச்செல்வி. ஒவ்வொன்றாக என் வாயிலிருந்து எடுத்துச் சுவரில் படமாக ஒட்ட வேண்டுமாம், அவளே பார்த்துச் செய்துகொள்கிற மாதிரி.

கடைசியில் வர்ஷியைக் கூப்பிட்டு எங்கள் முன்னால் நிறுத்தி, “நீ வேணும்னே செய்யல. தெரிஞ்சுச்சா?” என்றார். நான் அவருக்கு அந்த வார்த்தையை அப்போதுதான் சொல்லியிருந்தேன். “இத டீச்சர்கிட்டயும் சொல்வீங்களா?” என்று வர்ஷி கேட்டாள்.

சொல்லியிருக்கிறார். மூன்று பக்கம். முன் பெஞ்சில் உட்கார வைக்க வேண்டும், ஒரு நேரத்தில் ஒரு வேலை சொல்ல வேண்டும், பரீட்சையில் கொஞ்சம் கூட நேரம் தர வேண்டும், வெளியே நிறுத்தக் கூடாது. பள்ளிக்கூடத்தில் ரிசல்ட் போட்ட அன்றைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தோம். தலைமையாசிரியை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் படித்தார். ஐந்தாம் வகுப்புக்குப் போகட்டும், ஒரு வருஷம் பார்ப்போம் என்றார். மலையம்மாள் டீச்சர் எங்களோடு கேட் வரைக்கும் நடந்து வந்தார். வர்ஷியின் தலையில் கையை வைத்துவிட்டுத் திரும்பிப் போனார்.

உன் கேள்விக்கு இது பதில்தானா என்று தெரியவில்லை. அவை இரண்டு வார்த்தை இல்லை, தேவிகா. எத்தனை என்று எனக்கே தெரியாது. அவள் பிறந்ததிலிருந்து சொல்கிறேன்.

இப்போது காலையில் பேசாமல் இருக்க நேரும்போது கையை எங்கே வைத்துக்கொள்வது என்றுகூடத் தெரியவில்லை.

அக்கா

*

கோயம்புத்தூர்,
15.5.2000

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன். உன் கடிதத்தை நூலகத்தில் வைத்துப் படித்திருக்கக் கூடாது. பக்கத்து மேசையில் இருந்த மாணவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

மூன்று பக்கத்தில் அவர்கள் எழுதாத ஒன்றை நான் எழுதுகிறேன். நீ இத்தனை வருஷம் சொன்னதால்தான் அவள் சாப்பிட்டாள், தூங்கினாள், எழுத்துக் கற்றாள். உன்னைத் தவிர வேறு யாரும் அவளை இவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்ததில்லை. கவனம் என்ற சொல்லுக்கு என்னைக் கேட்டால் அதைத்தான் சொல்வேன். அங்கே வெளியே உட்கார்ந்திருந்ததையும் அதில் சேர்த்துக்கொள்.

அத்தானுக்கு என் வணக்கம். அவர் தமிழில் பிழையே இல்லை என்று சொல்.

லீவு முடிவதற்குள் வர்ஷியைச் சித்திக்கு ஒரு கடிதம் எழுதச் சொல். எதைப் பற்றி வேண்டுமானாலும் எழுதட்டும்.

பிரியமுள்ள தங்கை,
தேவிகா

*

அன்புள்ள தேவிகா சித்திக்கு

நான் நல்லா இருக்கேன். நீங்க நல்லா இருக்கீங்களா. இங்க மொட்டை மாடியில ஒரு பல்லிக்கு வால் இல்ல. ஆனா அது பாட்டுக்குப் போகுது. அப்பா எனக்குப் பழைய கலர் கார்டு எல்லாம் குடுத்துட்டாங்க. அதுல ஒரு கலருக்குப் பேரே இல்ல நம்பர்தான் இருக்கு. நான் பேர் வச்சேன் ஆனா சொல்ல மாட்டேன். நீங்க வரும்போது சொல்றேன். எனக்குப் புது சாக்ஸ் வாங்கியாச்சு. நான் டாக்டர் வீட்டுக்குப் போனேன். மொத தடவை அம்மா உள்ள இருந்தாங்க. அடுத்த தடவை வெளிய இருந்தாங்க. உள்ள ரொம்ப அமைதியா இருந்துச்சு சித்தி. எனக்கு அப்படி இருந்ததே இல்ல. மொதல்ல பயமா இருந்துச்சு. அப்புறம் ஃபேன் சத்தம் கேட்டுச்சு. அப்புறம் டாக்டர் அம்மா பென்சில் எழுதுற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் எனக்குள்ள நானே பேசுற மாதிரி கேட்டுச்சு. அது அம்மா குரல் இல்ல. என்ன சொல்லுச்சுன்னா

*

தேவிகா,

இதோடு எழுந்து மாடிக்குப் போய்விட்டாள். தாள் ஒரு மணி நேரமாக மேசையில் கிடக்கிறது, மின்விசிறிக்காற்றில் பறக்காமல் இருக்க டம்ளரை மட்டும் மேலே வைத்தேன். தேதி போடவில்லை, கீழே பெயர் எழுதவில்லை. என்ன சொல்லுச்சு என்று நான் கேட்கவில்லை.

அப்படியே அனுப்புகிறேன்.

ரா.